கேரவனை இழுக்க ஒரு வண்டி

தாமுவே, ரங்கூன்
3.3.2002

அன்புள்ள மச்சானுக்கு, ஜஸீலா ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் நம் மகள் ருக்சாரும் சுகம். இந்தக் கடிதத்தைப் படிக்கும் முன் எங்காவது உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். பதறாதீர்கள், சின்ன வீடுதான். பதினாறடி நீளம், ஏழடி அகலம், இரண்டு சக்கரம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் ஊரில் எண்ணெய் தேடி வந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கடையைக் கட்டிக்கொண்டு போனது. அவர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் ஒரு கேரவன். சர்வேக்காரர்கள் காட்டில் தங்குவதற்காக ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போனதாம். உள்ளே கட்டில், அலமாரி, முகம் கழுவத் தொட்டி, மூலையில் கக்கூஸ்கூட உண்டு. நம் வீட்டைவிட வசதி.

எதற்கு இது என்று கேட்பீர்கள். போன மாதம் நம் தெருவில் ஒரு கல்யாணம், பெண்ணை ஜோடிக்க எப்போதும்போல் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டே அறை வீடு. முன்னறையில் ஆண்கள், பின்னறையில் சீர் சாமான். பெண்ணை எங்கே உட்காரவைப்பது? பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அங்கே வைத்துத்தான் ஜோடித்தேன். நிக்காஹ் முடிவதற்குள் கண் மை தாடைக்கு இறங்கிவிட்டது. மாப்பிள்ளை பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனான், நானே கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு நினைத்தேன், பெண்ணுக்கு ஓர் அறையை நாமே கல்யாண வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன என்று. கண்ணாடி, மின்விசிறி, மருதோன்றி போட மெத்தை. இதற்குள் நான்கு வீட்டார் கேட்டுவிட்டார்கள். முதல் கல்யாணம் நோன்புப் பெருநாள் கழித்து, டிசம்பரில், தன்லியினில்.

கேரவன் இருக்கிறது, இழுக்க வண்டி இல்லை. மலேசியாவில், கிள்ளானில் எட்டு வருஷமாக நின்றுபோன வண்டிகளை இழுத்துக்கொண்டிருக்கும் மனிதரை விட்டுவிட்டு நான் யாரைக் கேட்பது? எந்தப் பிக்கப் சரியாக வரும் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு, நீங்களே வந்து ஓட்டுங்கள். "ஊர்ல ஒரு தொழில் அமைஞ்சா மறுநாளே வந்துடுவேன்" என்று ஏர்போர்ட்டில் வைத்துச் சொன்னது நீங்கள்தான். இதோ அமைந்துவிட்டது. கடைசியாக நீங்கள் வந்தபோது ருக்சாருக்கு ஏழு வயது. இப்போது பதினொன்று.

மூலைக்கடை போனில் பேசினால் தெருவே காது கொடுத்துக் கேட்கும். கடிதமே எழுதுங்கள்.

ஜஸீலா


கிள்ளான்
27.3.2002

அன்புள்ள ஜஸீலாவுக்கு,

ஸலாம். கேட்காமல் வாங்கிவிட்டுத் தொழில் அமைந்துவிட்டது என்கிறாய். உன் வழக்கம்தான் அது. திட்டி ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். யோசனை நல்ல யோசனை. அதை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. சுமப்பது வேறு, இழுப்பது வேறு. நம் ஊரில் ஒரு பிக்கப்பில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் அதற்கு மரியாதை. அந்தக் கணக்கு இதற்கு உதவாது. கேரவன் ஒரு டன்னாவது இருக்கும். வண்டி அதைவிடக் கனமாக இருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நீளம் வேண்டும். பின்சக்கரத்திலிருந்து கேரவனை மாட்டும் கொக்கி வரைக்கும் உள்ள தூரம் குறைவாக இருக்க வேண்டும். டீசல் நல்லது. ரேடியேட்டரில் ஒட்டுப்போட்டிருந்தால் திரும்பி வந்துவிடு. பிரேக்கை இறக்கத்தில் வைத்துப் பார்.

கேரவனுக்குள் கனமான சாமானை எங்கே வைத்திருக்கிறாய்? மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் கனமாக இருந்தால் வேகம் எடுத்ததும் வாலை ஆட்டும். ஒருதரம் ஆட ஆரம்பித்தால் வண்டியையும் சேர்த்துப் பள்ளத்தில் இறக்கிவிடும். தன்லியின் பாலம் எவ்வளவு ஒடுக்கம் என்று உனக்குத் தெரியும்.

நான் சொல்லாமல் எதையும் வாங்கிவிடாதே. உன்னை முன்சீட்டில் உட்காரவைத்துப் பகோ ஊருக்குப் போன அன்றைக்கே உன் வண்டி ஞானம் எனக்குத் தெரியும். லாரியை முந்தலாமா என்று கேட்டால், ரோட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "போங்க" என்றவள் நீ.

சரியான வண்டி அமையட்டும். வருகிறேன்.

ஆமிர்


தாமுவே
20.4.2002

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடைசி வார்த்தையை ருக்சார் நான்கு தரம் படித்தாள். அவளுக்குப் பர்மிய எழுத்து ஓடுகிறது, தமிழ் நடக்கிறது. "வருகிறேன்" மட்டும் ஓடிவிட்டது.

தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் பர்கத்துல்லா காக்காவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பழைய வண்டி வாங்கி விற்பதில் தாமுவேயில் அவருக்கு மேல் யாரும் இல்லை என்று அவரே சொல்கிறார். முதலில் காட்டியது, இன்சேன் லைனில் ஆள் ஏற்றி ஓடிய பிக்கப். ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக நான்கு தகடு போட்டு, பின்னால் ஆள் நின்று தொங்குவதற்கு மூன்றடி நீட்டியிருக்கிறார்கள். "லைன் காருல நாப்பது பேரு போறான்மா. ஒங்க பொட்டி என்ன நாப்பது ஆளு கனமா?" என்றார். நான் தையல் டேப்பை எடுத்துப் பின்சக்கரத்திலிருந்து வால் வரை அளந்தேன். ஏழடிக்கு நாலு அங்குலம் குறைவு. "இது ஆகாது காக்கா, வாலாட்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, லான்மடாவ் மளிகைக்காரர் வைத்திருந்த சின்னப் பிக்கப். பெட்ரோல் வண்டி, நல்ல பராமரிப்பு. அவரே ஸ்டார்ட் பண்ணிக் காட்டி, "கிளட்ச் வெண்ணெ மாதிரி இருக்கும், ஜஸீலாம்மா" என்றார். எனக்கு அது கொஞ்சம் எடை குறைந்த மாதிரித் தெரிகிறது. என்ன சொல்கிறீர்கள்?

கேரவனில் தண்ணீர் டிரம்மையும் நகைப் பெட்டி வைக்கும் இரும்பு அலமாரியையும் கதவுக்குப் பக்கத்தில், கடைசியில்தான் வைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு, வெங்காயக் கடைத் தராசைக் கொண்டுபோய்க் கொக்கிக்குக் கீழே வைத்து நிறுத்தேன். கேரவனின் மூக்கு அதில் உட்காரவே இல்லை, மேலே தூக்கிக்கொண்டது. இப்போது எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்தாயிற்று. நீங்கள் சொன்ன எடை நிற்கிறது.

ஜஸீலா


கிள்ளான்
12.5.2002

அன்புள்ள ஜஸீலாவுக்கு,

தராசு வைத்தது கெட்டிக்காரத்தனம். இங்கே யார்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

லைன் கார் வேண்டாம். மளிகைக்காரர் வண்டியும் வேண்டாம். எடை போதாது, கேரவன் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

இன்னொன்று. கியர் தானாக மாறும் வண்டி கிடைக்கிறதா என்று காக்காவிடம் கேள். கிளட்சை விடும்போது கொக்கியில் அடி விழும், உள்ளே உன் கண்ணாடியெல்லாம் ஆடும். தானாக மாறுவதில் அது இல்லை, மெதுவாகப் புறப்படும். ஜப்பானிலிருந்து அப்படியும் சில பிக்கப் வருகிறது. இருந்தால் அதையே பார்.

ருக்சாருக்கு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன்.

ஆமிர்


தாமுவே
9.6.2002

அன்புள்ள மச்சானுக்கு,

போட்டோ வந்தது. மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். "வாப்பா ஆபீசராயிட்டாங்களா?" என்று ருக்சார் கேட்கிறாள். நீங்கள் பேனா பிடித்து நான் பார்த்ததே நிக்காஹ் பதிவில் கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான்.

கியர் தானாக மாறும் வண்டி என்றதும் பர்கத்துல்லா காக்கா சிரித்த சிரிப்பில் ஒர்க்‌ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டது. "இழுக்குறதுக்கு ஆட்டோமேட்டிக்கா? ஒங்க வீட்டுக்காரருக்கு மலேசியா வெயிலு மூளைய உருக்கிடுச்சா? கெட்டுப்போனா ரங்கூன்ல எவன் கழட்டி மாட்டுவான்?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் கல்யாணமான புதிதில் எம்பசி கார் ஒன்று தானாகக் கியர் போட்டுக்கொள்ளும் என்று நான் வாயைப் பிளந்தபோது, "அது காரில்ல புள்ள, தொட்டிலு. கிளட்ச் மிதிக்காதவன் டிரைவரா?" என்றவர் யார்?

அதை விடுங்கள். வண்டி கிடைத்துவிட்டது. ஒரே டாக்டர் கையில் இருந்த ஹைலக்ஸ் பிக்கப். டீசல், நீண்ட பாடி. பின்சக்கரத்திலிருந்து கொக்கி மாட்டும் இடம் நான்கடிகூட இல்லை. ரேடியேட்டர் பழுதில்லாதது. காக்காவை ஓட்டச் சொல்லி இறக்கத்தில் பிரேக் பார்த்தேன், நான் முன்னால் போய் டாஷ்போர்டில் முட்டிக்கொண்டேன், அவ்வளவு நல்ல பிரேக். கிளட்ச் தகடு புதிது. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. காக்கா உங்கள் பதில் வரும்வரை யாருக்கும் காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ருக்சார் இப்போதே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டு வந்தாள். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் மச்சான்.

ஜஸீலா


கிள்ளான்
1.7.2002

ஜஸீலா,

அந்த வண்டி வேண்டாம். ஆட்டோமேட்டிக் இல்லையென்றால் எதுவும் வேண்டாம். கேரவனை விற்றுவிடு. நான் அனுப்புவது உங்கள் இரண்டு பேருக்கும் போதும். தெருத்தெருவாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை.

இப்போதைக்கு என்னால் வரமுடியாது. காரணம் கேட்காதே.

ஆமிர்


தாமுவே
22.7.2002

காரணம் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அங்கே உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா?

இருந்தால் எழுதுங்கள். நான் வண்டியைக் குறை சொல்லிச் சொல்லித் தள்ளமாட்டேன், நேராகத் தாங்கிக்கொள்வேன். ருக்சாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நீங்களே எழுதி அனுப்புங்கள். எனக்கு வாய் வராது.

ஜஸீலா


கிள்ளான்
18.8.2002
(இனாயத்துல்லா கையில்)

அன்புள்ள ஜஸீலாவுக்கு,

அல்லாஹ் அறிய வேறு வீடும் இல்லை, வேறு யாரும் இல்லை. என்னோடு ஒரே அறையில் இருக்கும் இனாயத்துல்லா ஊருக்கு வருகிறான். அவனிடம் கேட்டுப்பார்.

இதற்கு மேல் நான் என்ன எழுதினாலும் தப்பாகத்தான் வருகிறது. ஐந்து தாள் கிழித்துவிட்டேன். பையில் ருக்சாருக்குச் சட்டை இருக்கிறது. அளவு தெரியாமல் வாங்கினேன். பெரிதாக இருந்தால் நீ பிடித்துத் தைத்துக் கொடு.

ஆமிர்


தாமுவே
22.9.2002

அன்புள்ள மச்சானுக்கு, ஜஸீலா ஸலாம் சொல்லி எழுதுவது.

சட்டை பெரிதாக இல்லை, சின்னது. பிள்ளை வளர்ந்துவிட்டாள்.

இனாயத்துல்லா வந்தார். வேறு வீடு பற்றிக் கேட்டேன், "அஸ்தஃபிருல்லா, அவரு தங்கமான மனுஷன் ராத்தா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நம்பினேன். பிறகு, "இப்பவும் இழுவை வண்டிதான் ஓட்டுறாரா?" என்று சும்மாதான் கேட்டேன். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு அவர் முன்னாலேயே கிடந்தது. அவருக்குக் கண் நிறைந்திருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. உங்களுக்கு அவர் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. அவரைத் திட்டாதீர்கள்.

ஜூலையில் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதிப் போட்ட கையோடு நான் வேறொரு காரியமும் செய்தேன். பர்கத்துல்லா காக்காவின் தங்கை சைதா, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஃபெரி வண்டி ஓட்டுகிறாளே, அவளிடம் போய் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடு என்றேன். வீம்புதான். நீங்கள் வராவிட்டால் கேரவன் நின்றுவிடுமா என்ற வீம்பு. டாக்டர் வண்டியில்தான் பழகுகிறேன். முதல் ஒரு வாரம் கிளட்சைத் தவிர வேறெதையும் சைதா தொட விடவில்லை. மிதி, பாதி விடு, மிதி. இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. தினமும் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன்.

இனாயத்துல்லா வந்துபோன மறுநாள் காலையும் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். மளிகைக்காரர் வண்டியில் வெண்ணெய் மாதிரிக் கிளட்ச், அதன் பிறகுதான் நீங்கள் கியர் தானாக மாறும் வண்டி கேட்டீர்கள். டாக்டர் வண்டியில் ஒரு குறையும் உங்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் கேரவனையே விற்கச் சொன்னீர்கள். மேசைக்குப் பின்னால் எடுத்த போட்டோ.

மச்சான், இடது கால்தானே?

அழவில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய். மூன்று நாள் அழுதேன். நீங்கள் தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு அழுதேன். வேறு வீடா என்று எழுதின என் கையை நினைத்து அழுதேன். இதை என்னிடம் சொல்ல முடியாதவளாக என்னை வைத்துவிட்டீர்களே என்ற கோபத்தில்தான் அதிகம் அழுதேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நேரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ருக்சாரிடமும் சொல்லிவிட்டேன். "வாப்பாக்கு வலிக்குதாமா?" என்றாள். அதற்கு நீங்களே பதில் எழுதுங்கள்.

இப்போது தொழில் விஷயம். டாக்டர் வண்டி இப்போது நம் வண்டி. காக்கா பேர் மாற்றிக் கொடுத்துவிட்டார். கொக்கியும் அது மாட்டும் இரும்பு உருண்டையும் அவர் பட்டறையிலேயே கடைந்து பொருத்தியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை தன்லியினிலிருந்து கேரவனை மாட்டிக்கொண்டு நானே பாலத்தில் ஏறினேன். சைதா பக்கத்தில் இருந்தாள். மாட்டுவண்டி வேகம்தான், பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், ஆனால் வால் ஆடவில்லை. ஒருதரம்கூட ஆடவில்லை மச்சான்.

சைதாவுக்கு அவள் ஃபெரி இருக்கிறது, என்னோடு எப்போதும் வரமுடியாது. எனக்கு அங்கேதான் கஷ்டம். உங்கள் கிள்ளானில் எப்படியோ, இங்கே ரோட்டில் வலப்பக்கம் போகிறோம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் ஒரு லாரி போனால் எனக்கு அதன் முதுகைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. எதிரில் என்ன வருகிறது என்பது இடப்பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். பதினாறடி கேரவனும் பின்னால் இருந்தால், முந்தலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல நன்றாகத் தெரிந்த ஆள் வேண்டும். சும்மா பார்க்கிற ஆள் போதாது. இழுவை வண்டி எவ்வளவு தூரத்தில் முந்தி முடிக்கும் என்று தெரிந்தவர் வேண்டும். அப்படி எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

கிளட்ச் என் பாடு. நான் மிதித்துக்கொள்கிறேன். எனக்கு உங்கள் கண் வேண்டும்.

கால் போனது முழங்காலுக்கு மேலேயா, கீழேயா என்று மட்டும் உடனே எழுதுங்கள். இடப்பக்கக் கதவுக்குக் கீழே காக்கா படி வைத்துக் கொடுக்கிறார், உயரம் கேட்கிறார்.

ஜஸீலா


கிள்ளான்
14.10.2002

அன்புள்ள ஜஸீலாவுக்கு,

கீழே. முழங்காலுக்கு நான்கு விரல் கீழே. படி தரையிலிருந்து ஒன்பது அங்குலம் இருந்தால் போதும், மேலே பிடித்து ஏற ஒரு கம்பி வைக்கச் சொல்.

ஜனவரியில் நடந்தது. மழை. லாரியை இழுக்கக் கட்டிய சங்கிலி அறுந்து, லாரி பின்னால் உருண்டுவிட்டது. நான் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றேன், நிற்கக்கூடாத இடம். மற்றவர்களுக்கு நானே ஆயிரம் தரம் சொல்லிக்கொடுத்த இடம். இப்போது மேசையில் உட்கார்ந்து உதிரிபாகக் கணக்கு எழுதுகிறேன். உன் முதல் கடிதத்தை உட்கார்ந்து படிக்கச் சொல்லியிருந்தாய். நான் அதைப் படுத்துக்கொண்டுதான் படித்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். கிளட்ச் மிதிக்காதவன் டிரைவரா என்று ஊரெல்லாம் பேசினவன் நான். கியர் தானாக மாறுகிற வண்டி ஒன்று கிடைத்துவிட்டால், வந்து இறங்கி, பேன்ட் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உனக்கும் தெரியாமலா என்று இனாயத்துல்லா கேட்டான். வெட்கமாக இருந்தது ஜஸீலா. உன்மேல் சந்தேகம் இல்லை, என்மேல்தான்.

ருக்சாருக்கு: இப்போது வலி இல்லை கண்ணு. சில நேரம் இல்லாத பெருவிரல் அரிக்கிறது. சொறியத்தான் முடியவில்லை.

நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் விமானம். செயற்கைக் காலில் மெதுவாக நடப்பேன், கம்பு இருக்கும். எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் வருவேன், நான் வரவில்லை என்று நினைத்துத் திரும்பிவிடாதே.

கேரவனை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவராதே, திருப்ப இடம் இருக்காது. வண்டியை மட்டும் கொண்டு வா. டயருக்குக் காற்றுப் பார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் துடை. ப்ரோம் ரோட்டில் லாரிகள் நிறைய வரும், எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் பின்னாலேயே வா. எதையும் முந்தாதே.

நான் ஏறி உட்கார்ந்த பிறகு முந்தலாம்.

ஆமிர்